கூடுதல் குதிரைகள்

திரையில் 362 என்று வந்து நின்றது.

உருளை மேடையில் கட்டிப்போட்டிருந்த காரின் பின்சக்கரங்கள் மெல்ல ஓய்ந்தன. வீப்கே காதுக் கவசத்தைக் கழற்றிவிட்டு என் வீட்டுக்காரரை ஒரு மாதிரி பார்த்தாள்.

"என்ன கெர்னோட், என்கிட்டயே விளையாட்டா? நான் இன்னும் கையே வைக்கல."

அவள் பட்டறையில் அதுதான் வழக்கம். எந்த வண்டி வந்தாலும் இருக்கிற சக்தியை முதலில் அளப்பாள். அப்புறம்தான் எஞ்சின் கம்ப்யூட்டரைத் தொடுவாள். எங்கள் காருக்குக் கம்பெனி கொடுத்தது முந்நூறு குதிரைச் சக்தி. அதை முந்நூற்றைம்பது ஆக்கத்தான் வந்திருந்தோம்.

"மிஷின் தப்பா காட்டுது," என்றார் இவர்.

இன்னொரு தடவை ஓட்டினாள். மறுபடியும் 362.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஷோரூமிலிருந்து புத்தம் புதிதாக எடுத்த கார். அதை என்னைக் கழுவக்கூட விடமாட்டார். நான் கழுவினால் கோடு விழுமாம்.

மூன்று வருடத்துக்கு முன் பனிக்காலத்தில் இவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம். கார் ஓட்டலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் சாவியைத் தொடவில்லை. நாற்காலியே கதி என்று கிடந்தார்.

அந்த ஜூனில் என் தம்பி ஹென்னிங்தான் இழுக்காத குறையாக கிளப் போட்டிக்குக் கூட்டிப்போனான். பழைய விமான ஓடுதளத்தில் பிளாஸ்டிக் கூம்புகளை வைத்திருப்பார்கள். தட்டாமல் வளைந்து வளைந்து வேகமாக ஓட்ட வேண்டும். இவர் இறங்கியது கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் கார்களுக்கான பிரிவு.

இவருக்கு முதல் பரிசு. அதே மாடல் கார் வைத்திருக்கும் ஹென்னிங்குக்கு இரண்டாவது.

வீட்டுக்கு வந்ததும் கைத்தடியைக் குப்பைத் தொட்டியில் செருகினார். "கால் வந்துடுச்சுடி," என்று சிரித்தார். அன்றைக்கு நான் சமையலறையில் நின்று அழுதேன்.

அதற்கப்புறம் இன்னும் இரண்டு கோப்பைகள்; இரண்டு தடவையும் ஹென்னிங்தான் இரண்டாவது. டாக்டர் சொன்னதைவிட அந்த மூன்றையும்தான் இவர் நம்பினார். இந்த வருடம் சக்தி ஏற்றிய கார்களின் பிரிவில் இறங்க ஆசை வந்துவிட்டது.

ஹென்னிங் மட்டும் வேண்டவே வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றான். வயிற்றெரிச்சல் என்று நினைத்தேன். முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். இன்றைக்கும் கூடவே வந்து, மூலையில் நின்று, பன்றிக் கொத்துக்கறி தடவி வெங்காயம் தூவிய ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தான்.

வீப்கே மடிக்கணினியைச் செருகிப் பார்த்தாள்.

"யாரோ முன்னாடியே வேலைய முடிச்சிருக்காங்க. சுளையா அறுபதுக்கு மேல ஏத்தியிருக்காங்க."

"அறுபதா? நான் முப்பதுதானே கேட்டேன்!"

ஹென்னிங்தான். வாய் நிறைய ரொட்டி. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது.

எல்லாரும் அவன் பக்கம் திரும்பினோம்.

பக்கவாதம் வந்த அந்த வருடம், முதல் போட்டிக்கு முன்பே, ஈஸ்டர் சமயத்தில், பனிக்கால டயரை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று காரை எடுத்துப்போனது அவன்தான். பாவம், எவ்வளவு உதவி என்று நான் கேக் சுட்டுக் கொடுத்தேன்.

"அடப்பாவி! கால் வராம கிடந்த மனுஷனுக்கா அறுபது குதிரைய அவிழ்த்து விட்டே? கொல்லப் பாத்தியாடா?"

"ஒரே ஒரு தடவை ஜெயிச்சா எழுந்துப்பார்னு நினைச்சேன்க்கா. அப்புறம் சொல்ல தைரியம் வரல."

 அவனை அறையலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று எனக்குத் தெரியவில்லை.

இவர் அடுக்கி வைத்திருந்த டயர்கள் மேல் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்துப்போயிருந்தது. வலது தொடையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ என் கால் வரவே இல்லியா?"

 ஹென்னிங் தரையைப் பார்த்தான்.

வீப்கேதான் கேட்டாள். "இந்தக் காரோடயா அந்தக் கூம்புகளுக்கு நடுவுல ஓட்டினீங்க? எத்தனை தட்டினீங்க?"

"ஒண்ணும் தட்டல."

"மூணு வருஷமுமா?"

"மூணு வருஷமும்."

அவள் மடிக்கணினியை மூடினாள்.

"நேர் ரோட்டுலதான் இந்த அறுபது உதவும். அந்த வளைவுக்கெல்லாம் இது தொல்லை. காலைக் கொஞ்சம் அதிகமா அழுத்தினா பின்பக்கம் சுத்திக்கிட்டுப் போயிடும். நானே ரெண்டு கூம்பாவது தட்டுவேன். முந்நூறுலயே விட்டிருந்தா நீங்க இன்னும் சீக்கிரமா வந்திருப்பீங்க."

இவர் தன் வலது காலையே பார்த்தார். யாரோ இரவல் கொடுத்த காலைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு எழுந்தார். எதையும் பிடித்துக்கொள்ளவில்லை.

"பழையபடி முந்நூறுக்கே கொண்டுவா, வீப்கே."

ஹென்னிங்கிடம் போனார். அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன்.

"மச்சான், போட்டி விதின்னா விதிதான். நாளைக்குக் கிளப்ல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டு மூணு கோப்பையும் உன்கிட்ட குடுத்துடறேன். ஞாயித்துக்கிழமை அதே பிரிவுல வர்றேன். முடிஞ்சா தடுத்துப் பாரு."

 ஹென்னிங்கின் கையில் ரொட்டி நசுங்கிக்கொண்டிருந்தது. என் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காதபடி கேட்டான்.

"அக்கா, அப்போ மூணு வருஷமா நான் நிஜமாவேதான் தோத்தேனா?"