எல்லாரும் வந்தாச்சு

கடைசிப் பெயருக்கும் "உள்ளேன் ஐயா" வந்த பிறகுதான் கணக்கு வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மைதானத்துப் புழுதியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எதிரே பள்ளிக்கூடத்தின் பழைய கட்டடம் எரிந்துகொண்டிருந்தது.

வருகைப் பதிவேடும் உள்ளேதான் எரிந்தது. அதனால் என்ன? பதிவேட்டைப் பார்த்துப் பெயர் படிக்கிற ஆளா அவர்? மனப்பாடமாகக் கூப்பிடுவார், தலையே நிமிர மாட்டார், குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார். இன்றைக்கு நிமிர்ந்திருந்தாலும் பயனில்லை. புகை பட்டு இரண்டு கண்ணும் வீங்கி, நீராய்க் கொட்டிக்கொண்டிருந்தது.

மற்ற வகுப்புகள் எல்லாம் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டன. பழையதில் மிச்சமிருந்தது கீழே அவருடைய பத்தாம் வகுப்பும், மேலே யாரும் எட்டிப் பார்க்காத நூலகமும்தான்.

தீயணைப்பு அதிகாரி ஓடி வந்தார். மரப்படி பாதி போய்விட்டது, உள்ளே ஆள் இருந்தால் ஏணி போட்டு ஏறுவோம், இல்லையென்றால் என் ஆட்களை அனுப்ப மாட்டேன் என்று ஒரே மூச்சில் சொன்னார்.

"உறுதியா சொல்லுங்க சார். யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்ல. எல்லாரும் வந்தாச்சு. ஒவ்வொரு பேரா கூப்பிட்டுப் பாத்துட்டேன்."

அதிகாரி ஏணியை வண்டிக்கே திருப்பி அனுப்பினார். பக்கத்துக் கட்டடத்துக்குத் தீ தாவாமல் தண்ணீர் அடிக்கச் சொன்னார்.

தலைமையாசிரியை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வாத்தியார் பக்கத்தில் வந்து நின்றார். அவரும் இதே பள்ளியில் படித்தவர்தான். குதிரை லாயமாக இருந்து, சண்டைக் காலத்தில் ஆஸ்பத்திரியாகி, பிறகு பள்ளிக்கூடமான கட்டடம் அது. பெஞ்சில் பெயர் செதுக்கியவர்களும், நூலக அலமாரிக்குப் பின்னால் மதியத் தூக்கம் போட்டவர்களும் இன்று பெரிய பெரிய பதவிகளில் இருந்தார்கள். புதுக் கட்டடம் திறந்த அன்று வந்து மாலை போட்டுக்கொண்டார்கள். பழைய கட்டடத்தின் மின்கம்பிகளை மாற்றச் சொல்லி இந்த அம்மாள் கேட்டபோது மட்டும் அத்தனை பேருக்கும் காது கேட்கவில்லை.

"போனாப் போகுது, செங்கல்லும் மரமும்தானே. இத்தனை வருஷத்துல இந்தப் பள்ளிக்கூடம் ஒரு பிள்ளையைப் பறி கொடுத்ததில்ல. இன்னிக்கும் உங்களால காப்பாத்திட்டோம்" என்றார்.

வாத்தியாருக்கு உச்சி குளிர்ந்தது. பிள்ளைகள் தனக்கு 'மைனஸ்' என்று பட்டப்பெயர் வைத்திருப்பது அவருக்குத் தெரியும். கண்டிப்பு என்று இத்தனை நாளும் கரித்துக் கொட்டினார்களே, அந்தக் கண்டிப்புதான் இன்றைக்குக் கை கொடுத்திருக்கிறது.

பெயர் கூப்பிடும்போது நடுவில் ஒரு பெயருக்கு மட்டும் பதில் வரத் தாமதமாகி, இரண்டாம் தடவை கூப்பிட்டிருந்தார். தூங்குமூஞ்சி என்று வகுப்பே கேலி செய்யும் பெண். பாதி மதியங்களில் காணாமல் போய்விடுவாள். இன்னொரு தடவை மதியம் ஆளைக் காணோம் என்றால் பெயரை அடித்துவிடுவேன், பரீட்சை எழுத முடியாது என்று வகுப்பில் எல்லார் முன்னாலும் நேற்று கத்தியிருந்தார். சாயங்காலம் அவள் தனியாக வந்து, இனிமேல் மதியம் பள்ளிக்கூடத்தை விட்டுப் போக மாட்டேன் என்று அழுதுகொண்டே சத்தியம் செய்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, 'ரேடியோ' என்று பிள்ளைகள் கூப்பிடும் பெண் நின்ற பக்கமிருந்து தூங்குமூஞ்சியின் இழுவைக் குரல் வந்தது. ரேடியோ அவளுடைய உயிர்த்தோழி. ஆண்டு விழா மேடையில் வாத்தியார்கள் எல்லாரையும் போலப் பேசிக் காட்டிக் கைதட்டு வாங்குகிறவள். அந்த இழுவையைக் கேட்டதும் நெருப்புக்கு நடுவிலும் வாத்தியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பெரிய சத்தத்தோடு மாடிக் கூரை உள்ளே சரிந்தது. பிள்ளைகள் அலறிப் பின்வாங்கினார்கள். "விடுங்க, வெறும் புஸ்தகம்தான்" என்று வாத்தியார் அவர்களைத் தேற்றினார்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண்மணி ஓடி வந்தாள். கை முழுக்க மாவு. அடுத்த தெரு ரொட்டிக் கடைக்காரி. தூங்குமூஞ்சியின் பெயரைச் சொல்லி, அந்தப் பெண் நன்றாக இருக்கிறாளா என்று கேட்டாள். விடிய விடிய தன் கடை அடுப்படியில் நிற்கிற பெண், அப்பா படுக்கையில் கிடப்பதால் மதியமும் வந்து வேலை செய்வாள் என்றாள். வாத்தியாருக்குச் சுருக்கென்றது. இது தெரியாமல்தானே அந்தக் கத்து கத்தினார்.

"இன்னிக்கு மத்தியானம் கடைக்கே வரல சார். அதுக்குள்ள இங்க தீ புடிச்சிருக்குன்னு சொன்னாங்க. அதான் ஓடி வந்தேன்."

"பயப்படாதீங்கம்மா. எங்கிட்ட சத்தியம் பண்ணினா, இனிமே மத்தியானம் எங்கயும் போக மாட்டேன்னு. சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டா." அவர் குரலில் பெருமை தட்டியது. "இங்கதான் நிக்கிறா. இப்பக் கூப்பிடறேன் பாருங்க."

கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி அவள் பெயரைக் கூப்பிட்டார். யாரும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டார். ரேடியோ மட்டும் முன்னால் வந்தாள். ரொட்டிக் கடைக்காரியைப் பார்த்தாள், சரிந்து கிடந்த மாடியைப் பார்த்தாள். உதடு கோணிக்கொண்டது.

"கடைக்குப் போயிருப்பான்னு நெனச்சு, அவளுக்கும் நானே உள்ளேன் சொல்லிட்டேன் சார்."