இறுகும் வரை

முன்பற்களின் இடைவெளியை மூடக் கிளிப் போட்டால்தான் நிச்சயதார்த்தம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்கள். அதற்கு அளவெடுப்பதற்காகச் சுகந்தியைப் பல் டாக்டரின் நாற்காலியில் சாய்த்திருந்தார்கள். பல்வரிசை வடிவிலிருந்த சின்னத் தட்டில் இளஞ்சிவப்புப் பசையை நிரப்பி வாய்க்குள் அழுத்திய டாக்டர், "இறுகுற வரைக்கும் அசையக் கூடாது. மூக்கால மூச்சு விடுங்க" என்றார். அப்போது மாப்பிள்ளையின் தாயார் போனில் அழைத்தாள். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"கல்யாணத்துக்கப்புறம் வேலையை விட்டுடுவாதானே? அவ வாயால சொல்லச் சொல்லுங்க சம்பந்தி."

சுகந்தி தொண்டைக்குள் சொன்னது வெறும் முனகலாக வந்தது. "தலையை ஆட்டாதீங்கம்மா" என்று டாக்டர் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"வாய் நிறைய மாவு வச்சிருக்காங்க சம்பந்தி. வேண்டாம்னா இந்நேரம் எந்திரிச்சு ஓடியிருப்பா" என்றாள் அம்மா. இரண்டு பக்கமும் சிரித்தார்கள். எச்சில் கன்னத்தில் வழிந்து காதுக்குள் இறங்கியது. சுகந்தி நாக்கால் தட்டைத் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

டாக்டர் தட்டை உருவி வெளிச்சத்தில் பார்த்தார். ஒவ்வொரு பல்லும் இரண்டிரண்டாகப் பதிந்திருந்தது. "அசைஞ்சுட்டீங்க. இன்னொரு தடவை எடுத்துடலாம்."

அம்மா அதற்குள் சித்தியை அழைத்து நிச்சயத் தேதியைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அம்மா" என்று கூப்பிட்டாள் சுகந்தி.

"இருடி, முதல்ல இந்த வேலை முடியட்டும்" என்று அம்மா கையமர்த்தினாள்.

புதிதாகக் குழைத்த பசையோடு தட்டு முகத்தருகே வந்தது. "ஆ காட்டுங்க" என்றார் டாக்டர். சுகந்தி உதடுகளை இறுக மூடிக்கொண்டாள்.

"சீக்கிரம்மா, வீணாப் போயிடும்."

அம்மா போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். டாக்டரின் கையில், தட்டிலேயே பசை கெட்டியாகிக்கொண்டிருந்தது.