வெளுக்கவைத்த சால்வை

"புதுச் சால்வைய யாராச்சும் உச்சி வெயில்ல போடுவாங்களா? சாயம் போயிடும்லா! இதுல இவ சாயம் போடுறவளாம்."

பக்கத்து வீட்டுப் பாப்பம்மாள் நடைபாதையில் நின்று யாரிடமோ சொன்னது, ஜன்னலுக்கு உள்ளே இருந்த ஆரபியின் காதில் விழுந்தது.

சாயம் போகத்தான் வேண்டும். அதற்காகத்தான் ஒரு வாரமாக வெயிலில் போட்டுப் போட்டு எடுக்கிறாள். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஃபேரர் பார்க் அடுக்குமாடியில், தன் வீட்டு அடுப்படியிலேயே பூ, பட்டை, தோல் என்று வேகவைத்து நூலுக்குச் சாயம் போட்டு, பின்னியும் விற்கிறவள் ஆரபி. போன மாதம் வாகீசன் என்பவர் அவளைத் தேடி வந்தார். கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். மடியில் மங்கிய பழுப்புச் சால்வையோடு அவருடைய அப்பா.

"அல்பாக்கா கம்பளி நூல்மா. தேக்கா மார்க்கெட்டுல வெங்காயத் தோல் அள்ளிட்டு வந்து, அம்மாவே சாயம் போட்டு, அம்மாவே பின்னினது. அவங்க போனதுக்கப்புறம் அப்பா இத மடியவிட்டு இறக்கினதே இல்ல. அழுக்கா இருக்கேன்னு நான்தான் வாஷிங் மெஷின்ல போட்டுட்டேன். சுடுதண்ணியில."

ஆரபி கண்ணை மூடிக்கொண்டாள். அந்த நூல் சுடுதண்ணீரில் சுழன்றால் என்ன கதியாகும் என்று அவளுக்குத் தெரியும்.

"கைக்குட்டை அளவுக்குச் சுருங்கி, கட்டியாயிடுச்சு. குப்பையில போட்டுட்டேன். பிரிஞ்சு போச்சு, கடையில தைக்கக் குடுத்திருக்கேன்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன். அதே மாதிரி ஒண்ணு வேணும். பழசாவே."

"பெரியவர ஏமாத்தணுமா அங்கிள்? உண்மைய சொல்லிடலாமே."

"தாங்க மாட்டாரும்மா. ஒரே ஒரு தடவ எங்கன்னு கேட்டாரு. அப்புறம் கேக்கவே இல்ல. அதுதான் பயமா இருக்கு."

பெற்ற அப்பாவிடமே பொய் சொல்லும் மனிதர் என்று அவள் மனசுக்குள் கசந்தாள். ஆனாலும் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

சால்வையைக் கொடுக்கப் போன அன்று, வாகீசன் வீடு இருக்கும் சிராங்கூனில் விடாத மழை. ஆரபி சால்வைப் பையை மார்போடு அணைத்தபடி லிஃப்டில் ஏறினாள்.

"கடையிலேர்ந்து வர்றேன்னு மட்டும் சொல்லுங்க," வாகீசன் கதவைத் திறந்தபடியே கிசுகிசுத்தார்.

பெரியவர் பேரின்பநாயகம் கட்டிலில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கண் இரண்டிலும் புரை. மடியில் வெறும் கைகள்.

"அப்பா, சால்வை வந்துடுச்சு! கடைக்காரப் பொண்ணே நேரா கொண்டாந்திருக்கு."

பெரியவர் வாங்கித் தடவினார். நடுவிலிருந்து ஓரம்வரை விரல் மெதுவாகப் போயிற்று. வாகீசன் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ம். வந்துடுச்சா. மழையில வந்திருக்கு பிள்ளை. கீழ போய் கோப்பி வாங்கிட்டு வாடா."

கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் பெரியவர் ஆரபி பக்கம் திரும்பினார்.

"நல்லா செஞ்சிருக்கம்மா. ஆனா என் பொண்டாட்டிக்கு ஓரம் நேரா பின்னவே வராது."

ஆரபி கட்டிலருகே குனிந்தாள். "தாத்தா, நான் வந்து..."

அவர் தலையணைக்கு அடியில் கைவிட்டு எதையோ எடுத்தார். கைக்குட்டை அளவுக்கு, அட்டைபோல் விறைத்துப்போன பழுப்புத் துண்டு.

"வாழைப்பழத் தோல் போடப் போனேன். குப்பைத் தொட்டியில கையில தட்டுப்பட்டுச்சு. பாவம், தெரியாம செஞ்சுட்டான். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவன் தாங்க மாட்டாம்மா."

வாசலில் சாவி திரும்பியது. துண்டு தலையணைக்கு அடியில் போயிற்று.

வாகீசன் கோப்பிப் பையோடு ஈரமாக உள்ளே வந்தார். "சரியா இருக்காப்பா?"

பெரியவர் புதுச் சால்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டார். அதன் நுனியை மூக்கருகே கொண்டுபோய் ஆழமாக ஒரு மூச்சு இழுத்தார்.

"உங்கம்மா வாசனைகூடப் போகலடா."