மாமியார் கைப்பக்குவம்

"இது டீயா, வெந்நீரா?" மருமகள் நீட்டிய கோப்பையை மாமனார் தள்ளிவைத்தார். "நான் சமையலறைப் பக்கமே எட்டிப் பார்க்காத ஆம்பளை. ஆனா ருசி தெரியும். உன் மாமியார் மசாலா போட்டு டீ டிகாக்‌ஷன் காய்ச்சி பாட்டில்ல வைக்கிறாளே, அந்தக் கைப்பக்குவத்தைக் கத்துக்கோ!"

கற்றுக்கொள்ளத்தான் அவளும் தவித்தாள். மாமியார் விட்டால்தானே! ஞாயிறு காலை மாமனார் வாக்கிங் கிளம்பியதும் சமையலறைக் கதவு உள்பக்கம் தாழிடப்படும். ஏலக்காயும் பட்டையும் இடிபடும் சத்தம்தான் வெளியே கேட்கும்.

"அத்தை, ஒரே ஒரு தடவை பக்கத்துல நின்னு பார்த்துக்கிறேனே?"

"வேணாம்டி. கண்ணு பட்டா டிகாக்‌ஷன் கசந்துடும்."

இந்த ஞாயிறு அவளுக்குப் பொறுக்கவில்லை. வீட்டைச் சுற்றிப் போய், சமையலறையின் பின்பக்க ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

மாமியார் நாற்காலியில் சாய்ந்து வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். அடுப்படியில் வாக்கிங் ஷூவோடு, வியர்க்க விறுவிறுக்க, சுண்டக் காய்ச்சிய டிகாக்‌ஷனை வடிகட்டிக்கொண்டிருந்தார் மாமனார்.

"மாமா, நீங்களா?"

"ஐயோ, கத்தாதேம்மா! தினம் தினம் போட்டா வெளியே தெரிஞ்சு மானம் போயிடும்னுதானே, வாரம் பூராவுக்கும் சேர்த்து ஒரே நாள்ல காய்ச்சி வைக்கிறேன்!"

மாமியார் நிதானமாக ஒரு பக்கத்தைப் புரட்டினார்.

"ஜன்னலைச் சாத்திட்டுப் போடி. தப்பித் தவறிக் கத்துக்கிட்டேன்னா, அப்புறம் நீதான் போடணும்."