ஓரின் டாஸ்கரின் சொத்து மதிப்பு

ஆறு மணிக்கு எழுந்தான். மோட்டார் போட்டான். பால் பாக்கெட்டின் மூலையை வெட்டிக் காய்ச்சினான். பொங்குவதற்கு முன் அணைத்தான்.

பல் துலக்கினான். சவரம் செய்தான். இரண்டு தோசை. பொடி.

எட்டு மணிக்கு லேப்டாப்பைத் திறந்தான்.

புகழ்பெற்றவர்களைப் பற்றி ஓர் இணையதளத்துக்கு எழுதுவது அவன் வேலை. பிறப்பு, வளர்ப்பு, சாதனை, சொத்து மதிப்பு, குடும்பம். ஆயிரம் சொற்கள். செத்தவர்களுக்கும் அதே ஆயிரம்.

இன்று ஒரு பாடகி. அவளை வளர்த்து முடிப்பதற்குள் போன் அடித்தது. மாமனார்.

"மாப்ள, சாப்டாச்சுங்களா?"

"ஆச்சுங்க மாமா."

"பேப்பர்காரங்க பத்து மணிக்குள்ள கேக்கறாங்க. போட்டோ குடுத்துட்டேன். பேரு, தேதியெல்லாம் குடுத்துட்டேன். கீழ ஒரு வரிக்கு எடம் இருக்குதாமா. கோகிலா கடைசியா உங்ககிட்டத்தான பேசுச்சு? அது என்ன சொல்லுச்சோ அதையே போட்டுருவோமுங்க."

நாளை அவள் இறந்து ஒரு வருடம்.



"அந்த பேஸ்பால்காரரு சம்சாரம் சாகறப்ப சொன்னதுன்னு எழுதியிருந்தீங்கல்ல? அந்த மாதிரி ஒண்ணு. உங்கத்தை அதப் படிச்சுட்டு அன்னைக்குப் பூரா அழுதுட்டே இருந்தா."

"அனுப்பறேனுங்க மாமா."

ஓரின் டாஸ்கர்.

அவன் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதைத்தான். நான்கு லட்சம் பேர். பேஸ்பால் ஆட்டத்தை அவன் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

டாஸ்கர் சோளக்காட்டு ஊரில் பிறந்தார். இருபத்திரண்டு ஆண்டுகள் ஆடினார். அறுநூற்றுப் பதினொரு முறை பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்தார். முப்பது கோடி டாலர். குதிரைப் பண்ணை. ஏரிக்கரையில் வீடு. கார் விற்கும் கடைகள் ஒன்பது.

மனைவி இறந்த அன்று மாலையும் ஆடினார். அன்று மட்டும் மூன்று முறை பந்தை வெளியே அனுப்பினார்.

அதுவரை உண்மை.

மனைவி கடைசியாக என்ன சொன்னாள் என்பது எங்கும் இல்லை. அவன் தேடினான். 'கண்ணு கலங்கற மாதிரி ஒண்ணு இல்லாம எப்படி முடிக்கறது?' என்று எடிட்டர் செய்தி அனுப்பியிருந்தார்.

அவன் முடித்துக் கொடுத்தான்.

'எனக்காக இன்னொன்று அடியுங்கள்.'

கோகிலாவின் காரியத்தன்று அந்த வரி ரோஜாப்பூ படத்தோடு அவன் போனுக்கே வந்தது. மேலே 'இனிய காலை வணக்கம்' என்று இருந்தது.

அதை அவன் எழுதியது ஆஸ்பத்திரியில்.

டெங்கு. அவள் கட்டிலில். அவன் பக்கத்து நாற்காலியில், மடியில் லேப்டாப். நர்ஸ் காலையில் ஓர் எண் சொல்வாள், மாலையில் ஓர் எண். பிளேட்லெட். ஐம்பத்திரண்டாயிரம். முப்பத்தெட்டாயிரம். அவன் தலையாட்டுவான். டாஸ்கரின் மில்லியன்களைக் கோடிகளாக மாற்றிக்கொண்டிருப்பான்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. தேறிவிட்டாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். எழுந்து உட்கார்ந்து அவன் தோள் வழியே திரையைப் படித்தாள்.

'நானூறு தளங்களைத் திருடியவர்.'

எதிராளி அசரும் நேரம் பார்த்து அடுத்த தளத்துக்கு ஓடிவிடுவதை அந்த ஆட்டத்தில் திருட்டு என்பார்கள். அவனுக்கே அன்றுதான் தெரியும். அவளிடம் சொல்வதற்குள் அவள் கேட்டுவிட்டாள்.

"நானூறு திருடியுமா போலீஸ் புடிக்கல? நம்மூரு ஆளா இருப்பானாட்ட இருக்குது."

சிரித்தாள். ஊசி குத்திய கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அதுவே கடைசியாக இருந்திருக்கலாம். பேப்பரில் போட்டிருக்கலாம். யாருக்கும் புரிந்திருக்காது. பரவாயில்லை.

ஆனால் நான்காம் நாள் மூன்று மணிக்கு அவள் வேறொன்று சொன்னாள். கண்ணைத் திறக்காமல் சொன்னாள்.

அவன் அதன்படி செய்தான்.

ஐந்தே முக்காலுக்கு டாஸ்கரை முடித்து அனுப்பினான். எடிட்டர் 'சூப்பர்' என்று பதில் போட்டார். அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதுதான் அறைக்குள் நர்ஸ்கள் ஓடினார்கள்.

இப்போது மணி ஒன்பது நாற்பது.

மாமனாரிடம் சொல்லிவிடலாம். ஒரு வருடமாக அவரும் கேட்கிறார், அத்தையும் கேட்கிறாள். சொன்னால், அப்புறம் நீங்க என்ன பண்ணுனீங்க என்று கேட்பார்கள். கேட்காவிட்டாலும் நினைப்பார்கள்.

தட்டினான்.

'அம்மாவையும் அப்பாவையும் பார்த்துக்கொள்ளுங்கள்.'

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. டாஸ்கரின் மனைவிக்கு அரைமணி நேரம் ஆனது.

அனுப்பினான்.

மாமனாரிடமிருந்து குரல் பதிவு வந்தது. முதலில் அத்தையின் அழுகை. பிறகு அவர்.

"எங்களையேதான் நெனச்சிருக்குது, பாருங்க. இதயேன் மாப்ள இத்தன நாளு மனசுக்குள்ளயே வெச்சுட்டிருந்தீங்க?"

பதிவு அங்கேயே முடிந்தது.

அவன் பாடகியிடம் திரும்பினான். சாதனை. முதல் இசைத்தட்டு வந்த ஆண்டு. விரல்கள் அந்த எண்ணின் மேலேயே நின்றன.

கோகிலா கடைசியாகச் சொன்னது இதுதான்.

"தல வலிக்குதுங்க. கொஞ்சம் வெளிய போய் டைப் பண்ணுங்களேன்."