கண்ணைக் கட்டி ஆறு தாள்

முதலுதவிப் பெட்டியிலிருந்து எடுத்த கட்டுத்துணியோடு காகித மில் மேனேஜர் கெஞ்சிக்கொண்டிருந்தார். எதிரில் நின்ற தாளம்மாவின் கையில் ஒரு கீறல்கூட இல்லை.

"வலது கையில மட்டும் ஒரு சுத்து சுத்திக்கங்கம்மா. அடிபட்டிருக்கு, தாளைத் தொட முடியாதுன்னு சொல்லிடலாம்."

"நல்லா இருக்கிற கைக்கு எதுக்கு சார் கட்டு? எனக்குச் சோறு போடுற கை இது" என்று அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

தரம் பார்க்கும் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக அவள் வைத்ததுதான் சட்டம். ஆயிரம் தாளில் ஒன்று மெலிந்திருந்தாலும் அவள் விரல் சொல்லிவிடும். அதனால் மில்லே சேர்ந்து வைத்த பெயர்தான் தாளம்மா. போன வருஷம் இந்த மேனேஜரே ஆசை ஆசையாய் அவள் படத்தைப் போட்டு, 'எங்கள் காகிதத்தைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடிக்கலாம்' என்று விளம்பரம் அடித்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்!

வெளிநாட்டுக் காகிதம், அந்த நாட்டு அரசாங்கம் கொடுக்கும் மானியத்தில் அடிமாட்டு விலைக்கு வந்து குவிந்துகொண்டிருந்தது. மில்லின் இரண்டு இயந்திரங்களில் ஒன்று நின்றுபோய் நாலு மாதம். நூற்றிருபது பேர் வேலையில்லாமல் வீட்டில் இருந்தார்கள். தாளம்மாவின் வீட்டுக்காரரும் அதில் ஒருவர். அந்தக் காகிதத்துக்கு வரி போடச் சொல்லி மில் மனுக் கொடுக்க, விசாரிக்க அதிகாரி வந்துவிட்டார். கூடவே இறக்குமதிக்காரர்களின் வக்கீலும் வந்தார், கையில் அந்த விளம்பரத்தோடு.

வக்கீலின் வாதம் சுலபமானது. தங்கள் காகிதம் வேறு ரகம், மில் காகிதம் வேறு ரகம். இரண்டுக்கும் போட்டியே இல்லாதபோது நஷ்டம் எங்கிருந்து வந்தது? சந்தேகமிருந்தால் விளம்பரத்தில் இருக்கிற அம்மாவே தொட்டுப் பிரித்துக் காட்டட்டும் என்றார். அவள் சரியாகப் பிரித்துவிட்டால் மனு குப்பைக்கூடைக்குப் போகும், நின்ற இயந்திரம் நின்றதுதான்.

"சரி, கட்டு வேண்டாம். வித்தியாசம் தெரியலன்னாவது சொல்லித் தொலைங்கம்மா."

"தெரியலங்கிற வார்த்தை என் வாயில வராது சார்" என்று சொல்லிவிட்டு அவள் கூட்ட அறைக்கு நடந்தாள். பிடித்த முயலுக்கு மூன்றே கால். மேனேஜர் கட்டுத்துணியைச் சுருட்டிக்கொண்டே பின்னால் ஓடினார்.

அதிகாரி தாள்களைக் கலைத்து மேஜையில் வைத்தார். மூலையில் எண் மட்டும் போட்டிருந்தது. எது யாருடையது என்ற பட்டியல் அவர் சட்டைப்பைக்குள் இருந்தது. கண்ணைக் கட்டி உட்கார வைத்ததும், மொத்தம் எத்தனை தாள் என்று தாளம்மா கேட்டாள். ஆறு என்றார் அதிகாரி. அவள் தலையாட்டிவிட்டு விரல்களைச் சொடக்கெடுத்துக்கொண்டாள்.

முதல் தாளைத் தடவினாள், காதருகே உதறினாள், மோந்தும் பார்த்தாள். "எங்களுதுதான். பெத்த பிள்ளையத் தெரியாதா?" என்றாள். இரண்டாவதை விரலால் சுண்டி, கப்பலில் வந்த சரக்கு, ஈரம் ஏறிக் கிடக்கிறது என்று தள்ளினாள். மூன்றாவது, நான்காவது என்று ஒவ்வொன்றுக்கும் துளித் தயக்கம் இல்லை. வக்கீலுக்கு வாயெல்லாம் பல். மேனேஜர், ஊரே சேர்ந்து கட்டிக் காத்த மில்லை இவள் ஒருத்தி வாய் மூழ்கடிக்கிறதே என்று மனசுக்குள் அழுதார்.

ஆறாவது தாளும் முடிந்தது. அதிகாரி பட்டியலை எடுத்து ஒப்பிட்டார். இன்னொரு தரம் ஒப்பிட்டார்.

"மூணு சரி, மூணு தப்பு. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் இதான் வந்திருக்கும்" என்றார் அவர். "இருபத்திரண்டு வருஷம் தொட்டுப் பார்த்தவங்களுக்கே பிடிபடலைன்னா, கடையில வாங்குறவங்களுக்கு எங்க தெரியப்போகுது? ரெண்டும் ஒரே சரக்குதான்னு எழுதிக்கிறேன்."

வக்கீல் விளம்பரத்தை மடித்துப் பைக்குள் திணித்தார். கதவோரம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் இரண்டு பேர், தாளம்மாவின் விரலுக்கும் வயசாகிவிட்டது என்று சிரித்துக்கொண்டே போனார்கள். அவள் கண்கட்டை அவிழ்த்து மடித்து மேஜைமேல் வைத்தாள்.

எல்லோரும் போன பிறகு மேனேஜர் அவள் எதிரில் வந்து உட்கார்ந்தார். மில் பிழைத்த சந்தோஷம் ஒருபக்கம், அத்தனை பேர் முன்னால் தலைகுனிய வேண்டி வந்ததே என்று அவள்மேல் பரிதாபம் ஒருபக்கம். மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம், உடம்பு என்றால் தேயத்தான் செய்யும் என்று ஆறுதல் சொன்னார். இனி தரம் பார்க்கிற சிரமம் அவளுக்கு வேண்டாம், சம்பளம் குறையாமல் ஸ்டோரில் ஒரு நாற்காலி போட்டுத் தருகிறேன் என்றும் சொன்னார்.

தாளம்மா எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"ஆறையும் தப்பா சொன்னா வக்கீல் கண்டுபிடிச்சிடுவாருன்னுதான் சார், மூணை மட்டும் சரியா சொன்னேன்."