கோழிக்கு விலை பூச்சியம்

கூட்ட அறையின் மூலையில் மடிக்கணினியோடு இருந்த பெண்ணைப் பிரியந்தனுக்குத் தெரியாது.

தெரியாத ஆள் என்றால் நிர்வாகப் பிரிவுதான். வேலைநீக்கக் கடிதத்தை இங்கேயே அடித்து முடிக்கப்போகிறாள்.

நேற்று நிரலில் அவன் எழுதிய ஒரு வரியால், கொம்பனியின் இணையக் கடையில் ஒரு மணி நேரம் கோழிக்கு விலை பூச்சியம் என்று காட்டியது. கொழும்பே கோழி எடுத்தது. வெள்ளவத்தையில் அவனுடைய அம்மாவும் இரண்டு எடுத்திருந்தார். அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

காலையிலிருந்து ஒருவரும் ஏசவில்லை. கூட வேலை செய்யும் றொபேட் பிளேன்டீகூட வாங்கிக் கொடுத்தான். அதுதான் சந்தேகமாக இருந்தது. வெட்டப்போகிற கிடாய்க்குத்தானே மாலை போடுவார்கள். தகுதிகாண் காலம் வேறு முடியவில்லை. இந்த வேலையும் போனால் வீட்டில் எந்த முகத்தோடு ஏறுவது?

டீம் லீட் பர்ஹா தொடங்கினார்.

"அந்த மாற்றத்த முழுசா வாசிக்காம ஓகே போட்டது நான். என்ட பிழை."

நல்ல நடிப்பு என்று நினைத்துக்கொண்டான். முன்பிருந்த நுகேகொடைக் கொம்பனியிலும் இப்படித்தான், மனம் விட்டுக் கதையுங்கள் என்றார்கள். மனம் விட்டவன் மறுகிழமை வேலையை விட்டான்.

அதனால் இம்முறை ஆயுதத்தோடு வந்திருந்தான். 'டெஸ்ட் பண்ண நேரமில்ல, போட்டுடு' என்று றொபேட் அனுப்பிய செய்தியின் ஸ்க்ரீன்ஷொட் தொலைபேசியில் தயாராக இருந்தது.

றொபேட் தொண்டையைச் செருமினான்.

"டெஸ்ட் பண்ணாம போடச் சொன்னது நான்தான். புதுசா வந்தவன நான்தான் அவசரப்படுத்தினேன்."

பிரியந்தனின் கையில் தொலைபேசி சுட்டது. வெட்ட வைத்திருந்த கத்திக்கு இவன் தானாகவே கழுத்தை நீட்டுகிறான். இதில் என்ன சூது?

இனி அவனுடைய முறை. மூலைப் பெண் தட்டுவதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தாள்.

ஓட்டிப் பார்த்தபோது சரியாகத்தான் இருந்தது என்று உருப்படியான பொய் ஒன்று அவனிடம் இருந்தது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"அந்த வரி நான் எழுதினது. ஒருக்காக்கூட ஓட்டிப் பாக்கேல்லை. அம்மாவும் ரெண்டு கோழி எடுத்தவா."

றொபேட் மேசையில் தலையைக் கவிழ்த்தான். சிரிப்பில் அவனுடைய தோள்கள் குலுங்கின.

பர்ஹா மட்டும் சிரிக்காமல் மூலைப்பக்கம் திரும்பினார். பிரியந்தன் கடிதத்துக்குக் கையை நீட்டாத குறை.

"ஹம்சிகா, இண்டைக்கி உங்கட முதல் நாள். யாருக்குப் பக்கத்துல இருந்து வேலை பழகப்போறீங்க?"

அவள் பிரியந்தனைக் காட்டினாள்.

"இவருக்குப் பக்கத்தில. என்னைப்போல இவருக்கும் கை நடுங்குது."